தானே கட்டிய காவல்

செஞ்சி போன்ற ஒரு வட்டத் தலைநகரில் பட்டா நகல் எடுக்கவோ, சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவோ, நியாயவிலைக் கடையில் விரல் ரேகை வைத்து அரிசி வாங்கவோ செல்பவர்கள் அவ்வப்போது கேட்டுத் திரும்பும் விடை ‘சர்வர் டவுன்’ என்பதாகும். ஆங்கிலம் பயிலாதவர்களும் தயக்கமின்றிச் சொல்லும் அளவுக்கு வழக்கில் ஊறிவிட்ட இத்தொடர் ஒரு முழுமையான விளக்கமாகவே ஏற்றுக்கொள்ளப்படுகிறது. ஆனால் அது எதையும் விளக்குவதில்லை. தொலைவிலுள்ள கணினி அணைந்துவிட்டதா, அதன் வட்டு நிரம்பிவிட்டதா, இடைவழியில் கண்ணாடியிழைக் கம்பி அறுந்துவிட்டதா, அல்லது எல்லாம் சரியாக இருந்தும் ஒரே நேரத்தில் பல்லாயிரம் பேர் கேட்டதால் விடை தாமதமாகிறதா என்னும் வெவ்வேறு நிலைமைகளை அந்த இரண்டு சொற்கள் ஒன்றாக்கிவிடுகின்றன. இந்த நிலைமைகளைத் தனித்தனியே பிரித்தறிந்து, பயனர் வரிசையில் நிற்பதற்கு முன்பே பொறுப்பாளருக்குச் சொல்லிவிடும் கருவியே கண்காணிப்பு மென்பொருள் எனப்படுகிறது.

சர்வர், அதாவது வழங்கி, என்பது மற்றக் கணினிகள் கேட்பதைக் கொடுப்பதற்கென்றே இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் கணினியாகும். அது ஒரு மாநிலத் தரவு மையத்தின் குளிரூட்டப்பட்ட அறையில் இருக்கலாம். ஒரு கல்லூரிக் கணினிக் கூடத்தின் மூலையில், தூசி படிந்த மேசையின் அடியிலும் இருக்கலாம். இரண்டிலும் மனிதர் ஒருவர் திரையை எப்போதும் பார்த்துக்கொண்டிருப்பது இயலாது என்பதால், அந்தப் பார்வையை இன்னொரு நிரலிடம் ஒப்படைக்கும் வழக்கம் தோன்றியது. அவ்வாறு உருவானவற்றுள் நீண்ட காலமாகப் பயன்பாட்டிலிருக்கும் ஒன்று நாகியோஸ். அமெரிக்கரான ஈத்தன் கால்ஸ்டாட் 1999இல் ‘நெட்செயின்ட்’ என்னும் பெயரில் வெளியிட்ட இந்த மென்பொருள், வணிகப் பெயர்ச் சிக்கல் ஒன்றின் காரணமாக 2002இல் நாகியோஸ் எனப் பெயர் மாறியது. லாத்வியாவைச் சேர்ந்த அலெக்சேய் விளாடிஷேவ் தொடங்கிய சாபிக்ஸ், நாகியோஸிலிருந்து 2009இல் கிளைத்த இசிங்கா, சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் 2012இல் உருவாகத் தொடங்கிய பிரொமீதியஸ் ஆகியவையும் இதே பணிக்கானவையே. இவை அனைத்துக்கும் பொதுவான ஒரு பண்பு, இவற்றின் மூல நிரல், அதாவது மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவம், யாவருக்கும் திறந்து வைக்கப்பட்டிருப்பதாகும்.

செஞ்சி அடங்கிய விழுப்புரம் மாவட்டத்துக்கு இந்தத் திறந்த மரபு அயலானதன்று. செஞ்சியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாவட்டத் தலைநகரில் இயங்கும் விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு, கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள்களைக் கற்பித்து வரும் தன்னார்வக் குழுவாகும். 2012 முதல் வெளிவரும் ‘கணியம்’ மின்னிதழ், லினக்ஸ் தொடர்பான பாடங்களைத் தமிழிலேயே படிக்கும் வாய்ப்பை உண்டாக்கியது. 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் சேர்த்தே நிறுவப்பட்டிருந்தது. பெரும்பாலான வீடுகளில் அது திறக்கப்படாமலே இருந்துவிட்டாலும், மூல நிரலிலிருந்து ஒரு மென்பொருளைக் கட்டிப் பார்ப்பதற்கு வேண்டிய களம் அந்தப் பழைய கணினியில் ஏற்கெனவே இருக்கிறது.

ஆயத்தமும் அளத்தலும்

லினக்ஸ் கணினியில் மென்பொருளை நிறுவ இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில், லினக்ஸ் பதிப்பை வெளியிடுவோர் முன்கூட்டியே கட்டி வைத்திருக்கும் பொதியை ஒரே கட்டளையில் இறக்கிக்கொள்ளலாம். இது கடையில் அரைத்து வைத்த மிளகாய்த் தூளை வாங்குவதற்கு ஒப்பானது. இரண்டாம் வழியில், மூல நிரலை இறக்கி, அதைத் தன் கணினியிலேயே இயந்திர மொழிக்கு மாற்றி நிறுவ வேண்டும். இது மிளகாயை வாங்கிக் காயவைத்து, காம்பு கிள்ளி, மில்லில் நின்று அரைத்து வருவதற்கு ஒப்பானது. எளிமை முதல் வழிக்கு உரியது என்பதில் ஐயமில்லை. எனினும் பொதிகள் பெரும்பாலும் சற்றே பழைய பதிப்பாக இருப்பதாலும், எந்தப் பகுதி வேண்டும், எது வேண்டாம் என்னும் தேர்வு அவற்றில் இல்லாததாலும், கற்போருக்கும் தனித் தேவை உடையோருக்கும் இரண்டாம் வழி பொருந்துகிறது.

நாகியோஸைக் கட்டத் தொடங்குவதற்கு முன் மூன்று வகைக் கருவிகள் கணினியில் இருக்க வேண்டும். ரிச்சர்ட் ஸ்டால்மனின் குனு திட்டம் 1987இல் வெளியிட்ட ஜிசிசி என்னும் கம்பைலர் முதலாவது. சி மொழியில் எழுதப்பட்ட நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றுவது அதன் பணி. பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் உருவாக்கிய ‘மேக்’ இரண்டாவது. எந்தக் கோப்பை எந்த வரிசையில் மாற்ற வேண்டும் என்பதை மேற்பார்வையிடும் மேஸ்திரி அது. அப்பாச்சி வலை வழங்கியும் பிஎச்பியும் மூன்றாவது. கண்காணிப்பின் முடிவுகளை உலாவியில் காட்டுவதற்கு அவை தேவைப்படுகின்றன.

இறக்கிய மூல நிரல் சுருக்கப்பட்ட ஒற்றைக் கோப்பாக இருக்கும். அதை விரிப்பதற்கு முன், வெளியீட்டாளர் அறிவித்துள்ள சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடுவது நல்ல வழக்கமாகும். ‘ஷா-256’ எனப்படும் கணக்கு, எவ்வளவு பெரிய கோப்பையும் 64 எழுத்துகள் கொண்ட ஒரே குறியாகச் சுருக்கித் தருகிறது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் குறி முற்றிலும் வேறாகிவிடும் என்பதால், வழியில் கோப்பு சிதைந்திருக்கிறதா, மாற்றப்பட்டிருக்கிறதா என்பதை அது காட்டிவிடும்.

அடுத்து இயக்கப்படுவது ‘கான்ஃபிகர்’ என்னும் சிறு நிரல். வீடு கட்டும் கொத்தனார் மனையை அளந்து பார்ப்பதுபோல, அது கணினியில் எந்தக் கம்பைலர் இருக்கிறது, எந்த நூலகங்கள் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, ஒவ்வொரு வரியின் முடிவிலும் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே செல்லும். நூலகம் என்பது பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஆயத்தப் பகுதிகளின் தொகுப்பாகும். எடுத்துக்காட்டாக, படங்களை வரைவதற்கு ஜிடி நூலகமும், மறையாக்கத்துக்கு ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகமும் பயன்படுகின்றன. புதியவர்கள் முதன்முதலில் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுவே. நூலகம் கணினியில் இருந்தும் அது இல்லை என்று கான்ஃபிகர் சொல்லும்போது குழப்பம் உண்டாகிறது. காரணம் எளியது: ஓடுவதற்கு வேண்டிய நூலகம் ஒரு பொதியிலும், அதைக்கொண்டு புதிய நிரலைக் கட்டுவதற்கு வேண்டிய தலைப்புக் கோப்புகள் ‘டெவ்’ அல்லது ‘டெவல்’ என முடியும் வேறொரு பொதியிலும் இருக்கின்றன. சமைத்த குழம்பு இருக்கிறது, செய்முறைக் குறிப்பு இல்லை என்பதே அந்தப் பிழைச் செய்தியின் பொருள். குறிப்பிட்ட பொதியை நிறுவிவிட்டுக் கான்ஃபிகரை மீண்டும் இயக்கினால் பணி தொடரும். அளவைகள் அனைத்தும் முடிந்ததும் அது ‘மேக்ஃபைல்’ என்னும் வேலைப் பட்டியலை எழுதி வைத்துவிட்டு ஓய்கிறது.

கட்டுதலும் குடியேற்றுதலும்

‘மேக் ஆல்’ என்னும் கட்டளை இடப்பட்டதும் திரையில் எழுத்துகள் வேகமாக ஓடத் தொடங்கும். ஒவ்வொரு சி கோப்பும் தனித்தனியே இயந்திர வடிவத்துக்கு மாற்றப்பட்டு, இறுதியில் அவை இணைக்கப்பட்டு, ஓடக்கூடிய நிரல்களாகின்றன. கோப்புகளின் நேரக் குறிப்பை மேக் ஒப்பிட்டுப் பார்ப்பதால், ஒரு கோப்பைத் திருத்திவிட்டு மறுபடி கட்டளையிட்டால் அதைச் சார்ந்த பகுதிகள் மட்டுமே மீண்டும் கட்டப்படும்.

கட்டும் பணியைச் சாதாரணப் பயனராகவே செய்யலாம். நிறுவும் பணிக்கு மட்டுமே ‘ரூட்’ எனப்படும் முழு அதிகாரம் தேவைப்படுகிறது. நாகியோஸில் நிறுவுதல் ஒரே கட்டளையாக இல்லாமல் பல படிகளாகப் பிரிக்கப்பட்டிருப்பது கற்போருக்கு உதவுகிறது: ஒரு படி நாகியோஸ் என்னும் பெயரில் தனிப் பயனரை உருவாக்குகிறது, மற்றொன்று முதன்மை நிரலை அதற்குரிய கோப்புறையில் வைக்கிறது, இன்னொன்று கணினி தொடங்கும்போதே அது தானாகத் தொடங்க ஏற்பாடு செய்கிறது, பிறிதொன்று மாதிரி அமைப்புக் கோப்புகளை இடுகிறது, மேலும் ஒன்று அப்பாச்சிக்குச் செய்தி சொல்கிறது. தனிப் பயனர் எதற்கு என்னும் வினாவுக்கு விடை பாதுகாப்பில் உள்ளது. காவல் நிரலில் ஓட்டை ஒன்று பின்னாளில் கண்டறியப்பட்டாலும், குறைந்த அதிகாரத்தில் ஓடும் நிரல் வழியாக உள்ளே நுழைபவரால் முழுக் கணினியையும் எளிதில் கைப்பற்ற இயலாது.

இவ்வளவும் முடிந்த பின்னர் உலாவியில் பக்கத்தைத் திறப்பவர் பலருக்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். சோதனைகள் ஒவ்வொன்றின் எதிரிலும், 127 என்னும் எண் வரம்புக்கு அப்பாற்பட்டது, செருகுநிரல் இல்லாமல் இருக்கலாம் என்னும் பொருளில் ஒரு செய்தி தோன்றும். நாகியோஸின் அமைப்பையே இந்த ஒரு செய்தி விளக்கிவிடுகிறது. முதன்மை நிரலுக்கு வட்டை அளக்கவோ, வலைத்தளத்தைத் தட்டிப் பார்க்கவோ தெரியாது. எப்போது யாரை அனுப்பிப் பார்த்து வரச் சொல்ல வேண்டும், வந்து சொன்னதை வைத்து யாரை எழுப்ப வேண்டும் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். பார்த்து வரும் வேலை செருகுநிரல்கள் எனப்படும் சிறு நிரல்களுடையது. அவை தனித் தொகுப்பாக வெளியிடப்படுவதால் அவற்றையும் இறக்கி, அதே கான்ஃபிகர், மேக், நிறுவுதல் என்னும் வரிசையில் மீண்டும் கட்ட வேண்டும். 127 என்பது, அழைத்த கட்டளை கிடைக்கவில்லை என்பதற்கு லினக்ஸின் கட்டளை இயக்கி (ஷெல்) தரும் எண்ணாகும்.

செருகுநிரல் திரும்பி வந்து சொல்லும் விடையும் நான்கே எண்களில் அடங்குகிறது: 0 என்றால் நலம், 1 என்றால் எச்சரிக்கை, 2 என்றால் நெருக்கடி, 3 என்றால் அறிய இயலவில்லை. இந்த எளிய உடன்படிக்கையே நாகியோஸின் பலமாகும். எந்த மொழியிலாயினும் சில வரிகள் எழுதி, இந்த நான்கு எண்களில் ஒன்றைத் திருப்பித் தரச் செய்தால், அது ஒரு செருகுநிரலாகிவிடும். மின்வெட்டு மிகுந்த ஊரில் யுபிஎஸ் கருவியின் மின்கலம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைப் பார்த்துச் சொல்லும் நிரலை ஒரு கல்லூரி மாணவரே எழுதிச் சேர்த்துவிட முடியும்.

எது நெருக்கடி?

கட்டுவதைவிடக் கடினமான பணி அதன் பிறகே தொடங்குகிறது. எந்த அளவு மீறப்பட்டால் எச்சரிக்கை, எந்த அளவில் நெருக்கடி என்பதை மென்பொருள் தானாகத் தீர்மானிப்பதில்லை. உடன் வரும் மாதிரிக் கோப்பு, முதன்மை வட்டில் காலியிடம் 20 விழுக்காட்டுக்குக் கீழே போனால் எச்சரிக்கவும், 10 விழுக்காட்டுக்குக் கீழே போனால் நெருக்கடி என அறிவிக்கவும் சொல்கிறது. ‘பிங்’ எனப்படும் தொடர்புச் சோதனையில் விடை வர 100 மில்லி வினாடிக்கு மேல் ஆனாலோ, அனுப்பிய துண்டுகளில் 20 விழுக்காடு தொலைந்தாலோ எச்சரிக்கிறது. ஓர் அறைக்குள் கம்பியால் இணைந்த கணினிகளுக்கு இந்த அளவு மிகத் தாராளமானது; மலையடிவாரக் கிராமமொன்றில் கைப்பேசிக் கோபுரத்தை நம்பியிருக்கும் இணைப்புக்கு அதுவே ஓயாத கூச்சலாகிவிடும். ஓயாமல் கத்தும் காவலரை யாரும் பொருட்படுத்துவதில்லை என்பதால், வரம்பைத் தவறாக வைத்த கண்காணிப்பு, கண்காணிப்பே இல்லாததைவிடத் தீங்கானதாக முடியக்கூடும்.

இந்தக் கூச்சலைக் குறைக்க இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. முதலாவது, ஒரு சோதனை தோற்றவுடன் அறிவிக்காமல், குறிப்பிட்ட முறை திரும்பத் திரும்பப் பார்த்து உறுதி செய்துகொள்வது. இரண்டாவது, கணினிகளுக்கிடையே ‘பெற்றோர்’ உறவை வரையறுப்பது. செஞ்சியிலுள்ள பத்துக் கணினிகளை விழுப்புரத்திலிருந்து ஒருவர் கண்காணிப்பதாகக் கொண்டால், அந்தப் பத்துக்கும் வழி செஞ்சியிலுள்ள ஒரே ரவுட்டராகும். அது நின்றுவிட்டால் பத்துக் கணினிகளும் விடை தராமல் போகும். ரவுட்டரே அவற்றின் பெற்றோர் என்று எழுதி வைத்திருந்தால், நாகியோஸ் ரவுட்டர் ஒன்று மட்டுமே வீழ்ந்தது என்றும், மற்றவை வீழவில்லை, எட்ட இயலாத நிலையில் இருக்கின்றன என்றும் பிரித்துச் சொல்லும். ‘சர்வர் டவுன்’ என்னும் தொடர் மறைக்கும் வேறுபாடு இங்கே இரண்டு தனிச் சொற்களாகப் பிரிந்து நிற்கிறது.

காவலர் எங்கே நிற்க வேண்டும் என்னும் வினாவுக்குச் செஞ்சிக் கோட்டையே விடை வைத்திருக்கிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் சுமார் 13 கிலோமீட்டர் நீள மதில் ஒன்றிணைத்தாலும், ஒவ்வொரு குன்றும் தனித்து நிற்கக்கூடிய அரணாகவே அமைக்கப்பட்டது. ஒன்று விழுந்தாலும் மற்றொன்றிலிருந்து அதைப் பார்க்க முடியும். கண்காணிக்கும் நிரலைக் கண்காணிக்கப்படும் கணினியிலேயே வைப்பது, குன்றின் மேலிருக்கும் காவலரை அதே குன்றின் வீழ்ச்சியை அறிவிக்கச் சொல்வதாகும்.

நம்பிக்கையின் எல்லை

மூல நிரலிலிருந்து கட்டியதாலேயே ஒரு மென்பொருள் நம்பத்தக்கதாகிவிடுமா என்பதும் எண்ணிப் பார்க்க வேண்டியதே. 2024 மார்ச் 29 அன்று ஆண்டிரெஸ் ஃப்ராய்ண்ட் என்னும் மென்பொறியாளர், கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்இசட்’ மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் களவுக் கதவு ஒன்று வைக்கப்பட்டிருப்பதை உலகுக்கு அறிவித்தார். பொதுவில் திறந்திருந்த நிரல் களஞ்சியத்தில் காணப்படாத ஒரு கட்டுமானக் குறிப்பு, வெளியீட்டுக்கென்று சுருக்கித் தரப்பட்ட கோப்பில் மட்டும் சேர்க்கப்பட்டிருந்தது. கான்ஃபிகர் ஓடும் வேளையில் அது விழித்துக்கொண்டு தன் வேலையைச் செய்தது. வெளியிட்டவரே வைத்த களவு என்பதால் சரிபார்ப்பு எண் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை. கோப்பு வழியில் மாறவில்லை என்பதை மட்டுமே அந்த எண் உறுதிப்படுத்தும், கோப்பு நல்லது என்பதை அன்று. களவு பிடிபட்ட விதம் கண்காணிப்பின் மதிப்பை உணர்த்துகிறது: தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் வழியில் வழக்கத்தைவிடச் சுமார் அரை வினாடி கூடுதலாக ஆவதை ஒருவர் கவனித்து, ஏன் என்று விடாமல் தேடியதே காரணமாயிற்று. வழக்கமான அளவு எது என்று அறிந்திருந்தவருக்கு மட்டுமே அந்த அரை வினாடி தென்பட்டது.

தானே கட்டியதற்கு ஒரு விலையும் உண்டு. பொதியாக நிறுவியதைக் கணினியின் வழக்கமான புதுப்பிப்பு தானே பார்த்துக்கொள்ளும். மூல நிரலிலிருந்து நிறுவியதை அது தொடுவதே இல்லை. பாதுகாப்புத் திருத்தம் வெளியாகும் ஒவ்வொரு முறையும் புதிய மூல நிரலை இறக்கி, மறுபடி கட்டி, நிறுவுவது நிறுவியவரின் பொறுப்பாகிறது. எந்தத் தேர்வுகளோடு கான்ஃபிகர் இயக்கப்பட்டது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்காதவர் அடுத்த ஆண்டு திணறுவார். 1690 முதல் 1698 வரை முகலாயப் படையின் முற்றுகையைத் தாங்கிய செஞ்சியின் அதே மதில்கள், 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி பூசியின் படையிடம் ஒரே இரவில் விழுந்தன. கல் மாறவில்லை, தோற்று ஓடிவந்து உள்ளே ஒதுங்கியிருந்த படையே அப்போது அதற்குக் காவலாக இருந்தது. கட்டி முடித்ததோடு காவல் முடிந்தது என்று கருதுவோருக்கு இவ்வரலாறு பொருந்தும்.

ஆகவே நிறுவியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, வேண்டுமென்றே ஒன்றைக் கெடுத்துப் பார்ப்பதாகும். பயில்வோர் பெரும்பாலும் அப்பாச்சி வலை வழங்கியை நிறுத்திவிட்டு, எச்சரிக்கை வருமென்று காத்திருப்பர். மாதிரிக் கோப்பின்படி சோதனை 5 நிமிடத்துக்கு ஒருமுறை நடக்கும். தோற்றபின் 1 நிமிட இடைவெளியில் மேலும் 3 முறை பார்த்து, நான்காம் தோல்வியில்தான் நிலை உறுதியாகும். எனவே 3 முதல் 8 நிமிடத்துக்குள் செய்தி வர வேண்டும். ஆனால் செய்தி வராது. அப்பாச்சி எல்லாக் கணினியிலும் இருப்பதில்லை என்பதால், அந்தச் சோதனைக்கு உரிய அறிவிப்பு மாதிரிக் கோப்பில் முன்பே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. உலாவியைத் திறந்து பார்த்தால் சிவப்பு நிறமும் தெரியாது, ஏனெனில் நாகியோஸின் பக்கத்தைக் காட்டுவதே அந்த அப்பாச்சிதான். நாகியோஸ் மட்டும் பின்னணியில் ஓடிக்கொண்டு, 80ஆம் எண் போர்ட்டில் இணைப்பு மறுக்கப்பட்டது என்னும் வரியைத் தன் பதிவேட்டுக் கோப்பில் எழுதி வைத்திருக்கும். அந்த வரியைத் தேடிக் கண்டவர், அறிவிப்பைத் திறக்க வேண்டிய இடம் எது என்பதையும், காவலரை வேறு குன்றில் நிறுத்த வேண்டியதன் காரணத்தையும் அதே எட்டு நிமிடங்களில் கற்றிருப்பார்.